எட்டாம் மாடி என்ற விடை

நவமணிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. விடை வராத கேள்வியை வைத்துக்கொண்டு அவளால் சும்மா இருக்க முடியாது. ஜெலுத்தோங்கில் பதினெட்டு மாடி அடுக்ககம் ஒன்றில், மூன்றாம் மாடி வீட்டின் முன்னறையில், பதினாறு வருடமாக ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு பிசிக்ஸ் டியூஷன் எடுக்கிறவள் அவள். புவியீர்ப்பா, இயக்கமா, அலையா, எதைக் கேட்டாலும் வெள்ளைப் பலகையில் படிப்படியாக எழுதி, கடைசியில் விடைக்குக் கீழே இரண்டு கோடு போடுவாள். இரண்டு கோடு விழுந்துவிட்டால் அதற்கு அப்புறம் யாரும் வாய் திறக்கக் கூடாது.

அந்தப் பழக்கம்தான் அவள் தம்பி மனைவியைக் கொன்றது என்றால் அது அநியாயமான பேச்சு. ஆனால் நவமணி தனக்குத் தானே அப்படித்தான் சொல்லிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் வகுப்பு முடிந்ததும் அவளும் தம்பி குகனின் மனைவி சந்திரிகாவும் மீனும் காய்கறியும் வாங்கப் பாசாருக்குப் போவது வழக்கம். அந்த ஞாயிறும் பத்தரைக்கு சந்திரிகா கீழிருந்து போன் போட்டாள். "அக்கா, கீழ நிக்கிறேன், சீக்கிரம் வாங்கலா. மீன் எல்லாம் போயிடும்." நவமணி பையைக்கூட எடுத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து சுபாஷினி என்ற மாணவி கையைத் தூக்கினாள். "டீச்சர், கனமான சாமான்தானே சீக்கிரம் விழும்?"

இப்படி ஒரு கேள்வியை அந்தரத்தில் விட்டுவிட்டுப் போக நவமணிக்கு மனம் வருமா? பையைக் கீழே வைத்தாள். கனமான அகராதியையும் மார்க்கர் பேனாவையும் ஒரே உயரத்திலிருந்து போட்டுக் காட்டினாள். காற்றை விட்டுவிட்டுப் பார்த்தால் எல்லாம் ஒரே வேகத்தில்தான் விழும் என்று பலகையில் எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டாள். பத்து நிமிடம் ஆனது. கோடு போட்டுக்கொண்டிருக்கும்போதே கீழே ஏதோ சத்தம் கேட்டது. எவனோ தன் காரைக் கொண்டுபோய் இன்னொரு கெரெத்தாவில் இடித்துவிட்டான் என்று நினைத்தாள்.

மேலே எந்த மாடியிலிருந்தோ ஒரு பழைய மர ஸ்டூலை எவனோ கீழே வீசியிருந்தான். குப்பை போட லிப்டில் இறங்கி வர சோம்பல், அவ்வளவுதான் விஷயம். நவமணி கீழே ஓடி வந்தபோது சந்திரிகாவின் ஒரு செருப்பு ஐந்தடி தள்ளிக் கிடந்தது. தலையின் இடது பக்கம் உள்ளே போயிருந்தது. வாய் மட்டும் எதையோ சொல்ல வருவது போல அசைந்துகொண்டே இருந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கருவிகள் அவளுக்காக மூச்சு விட்டன. மூன்றாம் நாள் அவற்றைக் கழற்றிவிட்டார்கள்.

போலிஸ் வந்தது. ஸ்டூல் விழுந்த இடத்துக்கு நேர் மேலே இருப்பவை ஏழாம் எண் வீடுகள். ஒன்றாம் மாடியிலிருந்து பதினெட்டாம் மாடி வரை பதினெட்டு வீடுகளின் கதவையும் தட்டினார்கள். பதினெட்டு வீட்டிலும் ஒரே பதில்: எங்கள் வீட்டு ஸ்டூல் இல்லை. அழுக்குப் பம்பர்ஸ், மீன் குடல், ஒருமுறை பாதி மின்விசிறி என்று வருடக்கணக்காக மேலிருந்து விழுந்துகொண்டிருந்த கட்டடம் அது. அன்றைக்குப் பார்த்து எல்லோரும் உத்தமர்களாகிவிட்டார்கள்.

குகன் அழவில்லை. கொள்ளி போடும்போதும் அழவில்லை. பக்கத்துச் சாலையில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறவன், முப்பத்தெட்டு வயது, முன்கோபம் என்றால் அவனிடம்தான் கடன் வாங்க வேண்டும். அப்படிப்பட்டவன் ஒன்பது நாள் வாயே திறக்காமல் இருந்தது நவமணிக்குப் புதிது. அம்மா போன பிறகு அவனுடைய பன்னிரண்டு வயதிலிருந்து அவள் சோறு போட்டு வளர்த்த தம்பி. அவன் அழுதால் தேற்றத் தெரியும், கத்தினால் அடக்கத் தெரியும். இந்த அமைதியை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

பத்தாம் நாள் மாலை அவன் போனோடு வந்தான். கீழ்த்தளத்து மினி மார்க்கெட்டின் சிசிடிவி படம் அதில் இருந்தது.

"அக்கா, ஸ்டூல் விழறது இதுல நாலு பிரேம் படத்துல தெரியுது. நீ பிசிக்ஸ் டீச்சர். எந்த மாடினு கணக்குப் போட்டுச் சொல்லு."

"போலிஸ் பாத்துக்குவாங்க குகா."

"போலிஸ் பத்து நாளா பாக்குறாங்க. நீ பாரு."

எதற்காகக் கேட்கிறான் என்று புரியாத அளவுக்கு நவமணி பச்சைக் குழந்தை இல்லை. புரிந்தது. புரிந்துதான் பேனாவை எடுத்தாள். அந்தப் பத்து நிமிடம் அவள் நெஞ்சில் முள்ளாக நின்றிருந்தது; அதை யார் தலையிலாவது இறக்கி வைக்க வேண்டும் என்று அவளுக்கும் வெறியாக இருந்தது. நல்ல மனுஷி, படித்தவள், ஆனாலும் அப்படித்தான் இருந்தது.

அந்தப் படத்தை அவள் ஒரு முறைகூட முழுதாக ஓட விடவில்லை. ஸ்டூல் மேல்விளிம்பில் தோன்றி, படத்தில் தெரிந்த ஒரு தூணின் உயரத்தைக் கடக்கும் அந்த நாலு படங்களை மட்டும் பார்த்து அங்கேயே நிறுத்தினாள். அதற்கடுத்த படத்தில் சந்திரிகா இருந்தாள். டேப்பை எடுத்துக்கொண்டு கீழே போய்த் தூணை அளந்தாள். இரண்டு மீட்டர் நாற்பது. விநாடிக்கு இருபத்தைந்து படம். நாலு படத்துக்கு இடையே மூன்று இடைவெளி. ஆக விநாடியில் நூற்றில் பன்னிரண்டு பங்கு. வேகம் விநாடிக்கு இருபது மீட்டர். அந்த வேகம் வர எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்திருக்க வேண்டும்? ஐந்தாம் படிவத்தில் முதல் மூன்று மாதத்துக்குள் வருகிற கணக்கு. இருபது மீட்டர் நாற்பது. தூணின் பாதி உயரத்தையும் கூட்டினால் இருபத்தொன்று அறுபது. மாடிப் படிகளை எண்ணி அளந்தாள். ஒரு மாடிக்கு இரண்டு மீட்டர் எழுபது. வகுத்தாள். மீதியில்லாமல் எட்டு வந்தது.

மீதியில்லாமல் வந்ததுதான் அவளைக் கெடுத்தது. பதினாறு வருட அனுபவத்தில் சுத்தமான எண் வந்தால் கணக்கு சரி என்று அர்த்தம். மூன்று முறை போட்டுப் பார்த்தாள். மூன்று முறையும் எட்டு. கீழே இரண்டு கோடு போட்டாள்.

"எட்டு ஏழு," என்றான் குகன். "வேலு வீடு."

எட்டாம் மாடி வேலுவை அந்தக் கட்டடத்தில் யாருக்கும் பிடிக்காது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் பார்க்கிற ஐம்பது வயது ஒண்டிக்கட்டை. வண்டி நிறுத்தும் இடத்துக்காகக் குகனோடு ஒருமுறை கைகலப்பு வரை போனவர். பால்கனியிலிருந்து சிகரெட் துண்டை எறிவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஊரே வெறுக்கிற ஆள் தலையில் போய் கணக்கு விழுந்தால், அதை யார் மறுபடி சரிபார்க்கப் போகிறார்கள்?

"காலைல போலிஸ்ல சொல்லிடுவோம்," என்றாள் நவமணி. சொல்ல வேண்டுமே என்று சொன்னாள்.

"சொல்லலாம்லா. முதல்ல அவனை ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்."

மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்குப் பட்டறையில் வேலை செய்யும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். கையில் ஒரு முழத்துக்கு மேல் நீளமான இரும்புக் குழாய் இருந்தது. நவமணி கணக்குப் போட்ட தாளோடு பின்னால் ஏறினாள். எதற்கு அந்தத் தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. வேலு மறுத்தால் காட்டலாம் என்று நினைத்திருப்பாள்.

வேலு தூக்கக் கலக்கத்தில் கைலியோடு கதவைத் திறந்தார். "யாருப்பா" என்பதற்குள் குழாய் முழங்காலில் இறங்கியது. அவர் வாசலிலேயே மடங்கி உட்கார்ந்தார். மற்ற இருவரும் தோளைப் பிடித்து வெளியே நடைபாதைக்கு இழுத்துப் போட்டார்கள். அடுத்த அடியைத் தடுக்க அவர் கையைத் தூக்கினார்; முன்கை எலும்பு முறிந்த சத்தம் பக்கத்து வீடுகளுக்கே கேட்டிருக்கும். எந்த வீட்டுக் கதவும் திறக்கவில்லை.

முதல் அடி விழுந்தபோது நவமணிக்கு வயிறு குளிர்ந்தது. இதை மறைத்துச் சொல்வதில் ஒரு பிரயோசனமும் இல்லை. இரண்டாவது அடியிலும் குளிர்ந்தது. மூன்றாவது அடியில் அவர் வாயிலிருந்து பல் தெறித்து அவள் செருப்பருகே வந்து விழுந்தபோதுதான் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"எங்க வீட்டு ஸ்டூல் இல்லப்பா," என்று வேலு ரத்தத்தைத் துப்பினார். குகன் அவர் விலாவில் உதைத்தான். "கணக்கு சொல்லுதுடா. என் அக்கா போட்ட கணக்கு."

வேலு தலையைத் திருப்பி நவமணியைப் பார்த்தார். ஒரு கண் மூடிப் போயிருந்தது. "டீச்சர், நான் அப்போ கீழ இருந்தேன். வேலை முடிச்சு வந்துக்கிட்டு இருந்தேன். அந்தப் பொண்ணு தலையப் பிடிச்சது நான்தான். படம் இருக்குதானே. பாருங்க டீச்சர்."

நவமணி தன் போனை எடுத்தாள்; குகன் அனுப்பிய படம் அதிலும் இருந்தது. ஸ்டூல் தூணைக் கடந்த இடத்தில் எப்போதும் நிறுத்துகிறவள் இந்த முறை நிறுத்தவில்லை. சந்திரிகா விழுந்தாள். சுற்றி நின்றவர்கள் பின்வாங்கினார்கள். இரண்டு பேர் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். எண்ணிப் பதினோரு விநாடியில் இடது ஓரத்திலிருந்து தொழிற்சாலைச் சட்டை போட்ட ஒரு மனிதர் ஓடி வந்தார். கையிலிருந்த சாப்பாட்டுப் பொட்டலத்தைப் போட்டுவிட்டு மண்டியிட்டார். சட்டையைக் கழற்றிச் சந்திரிகாவின் தலையில் வைத்து அழுத்தினார். அவர் வேலுதான். நவமணி கீழே வருவதற்குள் ஆம்புலன்ஸை வழிகாட்டி அழைத்து வர அவர் சாலைக்கு ஓடியிருந்தார்.

"நிறுத்து குகா. இவர் இல்ல."

அவன் காதில் விழவில்லை. குழாய் மறுபடி மேலே போனது. நவமணி வேலுவின் மேல் விழுந்து மூடிக்கொண்டாள். குழாய் அவள் தலைக்கு ஒரு சாண் மேலே நின்றது. அவள் போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். குகனும் அதுவரை அந்தப் படத்தை முழுதாகப் பார்த்ததில்லை. மனைவி விழுவதைப் பார்த்தான். வேலு ஓடி வருவதைப் பார்த்தான். திரும்ப ஒரு முறை ஓட்டிப் பார்த்தான். கூட வந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு படியில் இறங்கிக் காணாமல் போனார்கள்.

மன்னிப்புக் கேட்பான், அழுவான் என்று நவமணி எதிர்பார்த்தாள். அவன் கேட்டது வேறு.

"அப்போ எந்த மாடி?"

அவளிடம் கேள்வி கேட்டுவிட்டானே. வேலுவின் ரத்தம் முழங்கையில் வழிய உட்கார்ந்திருந்தும் அவள் மண்டை தன்னால் ஓடியது. எங்கே பிசகினோம்? பதினாறு வருடமாக ஒவ்வொரு பயிற்சித் தாளிலும் ஒவ்வொரு கேள்விக்கு அடியிலும் மலாயில் அச்சடித்துக் கொடுக்கிற அதே வரி. அபாய்க்கான் ரிந்தாங்கான் உடாரா. காற்றின் தடையை விட்டுவிடுக. பரீட்சைத் தாளில் காற்றை விட்டுவிடலாம். ஜெலுத்தோங்கில் காற்றை எப்படி விடுவது? நாலு காலும் விரிந்து சுழன்றுகொண்டே வந்த மர ஸ்டூலைக் காற்று வழியெல்லாம் பிடித்து இழுத்திருக்கும். எட்டாம் மாடியிலிருந்து விழுந்திருந்தால் அந்த வேகமே வந்திருக்காது. அதைவிட எவ்வளவோ மேலே. பதினான்கு. இல்லாவிட்டால் பதினைந்து.

பதினான்கு ஏழில் நாலு சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பம். பதினைந்து ஏழில் கண் சரியாகத் தெரியாத கிழவர் ஒருவர். ஒரு மாடி முன்னே பின்னே போனாலும் போகலாம். இந்தக் கணக்கும் கணக்குத்தானே.

"கண்டுபிடிச்சிட்ட," என்றான் குகன். "உன் மூஞ்சியப் பாத்தா தெரியாதா எனக்கு. சொல்லுக்கா."

"தெரியல குகா."

"சரி. ஒன்பதுல இருந்து ஒவ்வொரு வீடா கேட்டுக்கிட்டுப் போறேன்."

அவன் கேட்கிற விதம் இன்னதென்பதற்குச் சாட்சியாக வேலு அவள் மடியிலேயே கிடந்தார். "மொட்டை மாடி," என்றாள் நவமணி. "அங்க இருந்துதான் போட்டிருக்கான்."

வாழ்க்கையில் முதல் தடவையாகத் தெரிந்தே தப்பான விடை சொன்னாள். மொட்டை மாடிக் கதவுக்கு நிர்வாகம் பெரிய பூட்டுப் போட்டு வைத்திருந்தது. போய் முட்டி மோதிக் களைத்துப் போவான், அதற்குள் போலிஸ் வந்துவிடும் என்பது அவள் கணக்கு. குகன் அதை ஒரு விநாடிகூடச் சந்தேகிக்கவில்லை. இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினான்.

அவள் அவசர எண் 999க்கு அடித்தாள். பக்கத்து வீட்டு ஹாஜரா இப்போதுதான் கதவைத் திறந்து ஒரு துண்டோடு வந்தாள். மேலே படிக்கட்டு வழியாக இரும்பில் இரும்பு மோதும் ஓசை இறங்கி வந்துகொண்டே இருந்தது. வேலு மூச்சு விடும்போதெல்லாம் மூக்கில் சிவப்பாக நுரை வந்தது. "மன்னிச்சிடுங்கண்ணே," என்று நவமணி சொன்னாள். திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர் தன் கையை அவள் பிடிக்க விடவில்லை. கால் மணி நேரத்தில் ஆம்புலன்ஸ்காரர்கள் இருவர் தள்ளுபடுக்கையோடு வந்தார்கள். அஃபிக் என்று சட்டையில் பெயர் போட்டிருந்த இளைஞன் மண்டியிட்டு, வேலுவின் கழுத்துக்குப் பட்டை கட்டி, "பயப்படாதீங்க அங்கிள்" என்று மலாயில் மெதுவாகப் பேசிக்கொண்டே தூக்கினான். லிப்ட் மூடியது. அப்போதுதான் மேலேயிருந்து வந்த ஓசை நின்றுவிட்டது அவளுக்கு உறைத்தது.

ஓசை நின்றால் இரண்டில் ஒன்று. அவன் களைத்திருக்க வேண்டும், இல்லை பூட்டு உடைந்திருக்க வேண்டும். லிப்டுக்குக் காத்திருக்கத் தோன்றவில்லை. பதினோரு மாடியும் ஓடி ஏறினாள். பதினான்கு ஏழைத் தாண்டும்போது உள்ளே பிள்ளைகள் சண்டை போடும் சத்தம் கேட்டது.

மொட்டை மாடிக் கதவு திறந்து கிடந்தது. தண்ணீர்த் தொட்டிகளுக்கு அப்பால், வெயிலில், சுற்றுச்சுவர் ஓரமாகக் குகன் நின்றுகொண்டிருந்தான். குதித்துவிடுவானோ என்று அவள் கதவருகிலேயே நின்றாள்.

"இங்க யாரும் வந்ததில்லக்கா," என்றான் திரும்பாமல். "பூட்டு துருப்பிடிச்சுப் போயிருக்கு. வருசக்கணக்கா திறக்கல."

"தெரியும்."

"பொய் சொன்னியா?"

"ஆமா."

"எந்த மாடினு உனக்குத் தெரியும்."

"தெரியும் குகா. சொல்ல மாட்டேன். என்னைக் கொன்னாலும் சொல்ல மாட்டேன்."

அவன் திரும்பி வந்தான். முகத்தில் தம்பி என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. குழாய் அவன் தலைக்கு மேலே உயர்ந்தது. நவமணி நகரவில்லை, கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள். அவனால் முடியவில்லை. அவளை அடிக்க முடியவில்லை. ஆனால் ஓங்கிய கை ஓங்கிய கைதான். ஊளையிட்டுக்கொண்டே பின்னால் திரும்பி, பத்து நாள் ஆத்திரத்தையும் சேர்த்து, அந்தக் குழாயைச் சுவருக்கு அப்பால் வீசினான். வீசிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, சந்திரிகா செத்த பிறகு முதல் தடவையாக, வாய்விட்டு அழுதான்.

அப்பாடா என்று இருந்தது நவமணிக்கு. அவன் கை காலியாகிவிட்டது. இனி யாரையும் அடிக்க மாட்டான். அவனை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தாள்.

அப்போது உறைத்தது. சுவருக்கு அப்பால் கீழே வண்டி நிறுத்துமிடம். ஐம்பது மீட்டர். இரும்பு, இதைக் காற்று தடுக்காது. மூன்று விநாடிக்குக் கொஞ்சம் மேல். அதில் ஒன்று போய்விட்டது. கத்தினால் குரல் குழாயை முந்திக்கொண்டு போய்ச் சேரும்; ஒலியின் வேகம் அவளுக்குத் தெரியாததா? வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. இரண்டு. மூன்று.

சிமெண்டில் இரும்பு விழுந்தால் கணீரென்று கேட்க வேண்டும். அதற்காகக் காதைத் தீட்டி நின்றாள். அந்த ஓசை வரவில்லை. மங்கலாக வேறு ஏதோ ஒன்று வந்தது. அதற்கப்புறம் ஒரு பெண்ணின் அலறல்.

சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். வேலு படுத்திருந்த தள்ளுபடுக்கை ஆம்புலன்ஸுக்குள் பாதி ஏறிய நிலையில் நின்றது. அதைத் தள்ளிக்கொண்டிருந்த அஃபிக் சக்கரத்தருகே குப்புறக் கிடந்தான். சிதறி ஓடிய கூட்டம் திரும்பி வந்து அவனைச் சுற்றி நின்றது. ஒவ்வொரு முகமாக மேலே திரும்பியது. கூட்டத்திலிருந்து ஒருவர் முன்னால் வந்து, வெயிலுக்கு ஒரு கையைக் கண்ணுக்கு மேலே வைத்துக்கொண்டு, மறு கையின் விரலை நீட்டி, கீழிருந்து ஒவ்வொரு மாடியாக எண்ணத் தொடங்கினார்.